கடிபட்ட சூரியனும் அரை ஏக்கர் நடவும்

மாகறலைத் தாண்டி செய்யாற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது மணி எட்டு. விடியற்காலை நாலு மணிக்கு ஓரிக்கையை விட்டிருந்தேன். அங்கே ஒரு துணிக் கிடங்கில் காவல் வேலை. ஊரடங்கு மூன்று மாதத்தை நெருங்கவும் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகச் சொன்னார். எனக்கு ஊர் என்று ஒன்றில்லை. பஸ்ஸும் இல்லை. உத்திரமேரூர் பக்கம் வயல் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு நடந்தேன்.

பாதி ஷட்டர் தூக்கிய கடையில் டீ பன்னிரண்டு ரூபாய். பத்தரைக்குச் சூரிய கிரகணம், அதற்குள் எங்காவது கூரைக்கடியில் போய்விடு என்றார் கடைக்காரர். இந்த வருஷத்துக்கு இது ஒன்றுதான் பாக்கி என்று சலித்துக்கொண்டார்.

பத்து மணி. உத்திரமேரூருக்கு நாலு கிலோமீட்டர் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்க ஒரு ஏரிக்கரையில் ஏறினேன். மதகடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் ஏழுமலை, ஏரித் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குப் பிரித்துவிடுபவர். மற்றவள் செல்வி, நாற்பது வயதிருக்கும். அதுவரை கூலிக்கு நட்டவள், இந்த வருஷம்தான் விளைச்சலில் பங்கு தருவதாக அரை ஏக்கரை வாரத்துக்கு எடுத்திருந்தாள். புருஷன் சித்திரையில் காய்ச்சலில் போய்விட்டான். தொற்றுப் பயத்தில் ஊர் சாவுக்கு வரவில்லை, நாலு பேர்தான் பிணத்தை எடுத்தார்கள். சேறடித்த வயல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. நாற்றுக்கு நாற்பது நாள், நுனி பழுத்துவிட்டது. நடாமல் விட்டால் நிலத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவளுடைய முறை வர இன்னும் எட்டு நாள். ஏரியில் அஞ்சு நாள் தண்ணீர்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு முறைக்காரர்கள் யாரும் கிரகண நேரத்தில் தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டார்கள். கேட்பாரில்லாத அந்த மூன்று மணி நேரத்தைத்தான் ஏழுமலை அவளுக்குச் சொல்ல வந்திருந்தார்.

"ஆனா கிரகணத்துல நான் மதகத் தொடமாட்டேன். கதவு அங்க கீது, நீயே தூக்கிக்கோ" என்று திரும்பி நின்றுகொண்டார்.

கதவைத் தூக்கும் திருகு துருப்பிடித்திருந்தது. செல்வி என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா, கை சும்மாதான கீது?"

இருவரும் சேர்ந்து திருப்பினோம். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது.

பதினொன்றரைக்கு வயல் நனைந்து சேறு இளகியது. நடவுப் பெண்கள் யாரும் வெளியே வரவில்லை. அவளும் நானும்தான் இறங்கினோம். நான் அதுவரை நட்டதில்லை. என் வரிசையைத் திரும்பிப் பார்த்தவள், ஆடு போன வழி மாதிரி கீதே என்றாள். ஆழமாகக் குத்தாதே, அது நாத்து, கம்பம் இல்லை என்றாள்.

எதிர் வரப்போரம் மோட்டார் கொட்டகைக்குள்ளிருந்து பெரிய நிலக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். கிரகணத்தில் நட்டது பதராகத்தான் போகும், மேலே ஏறு என்றார்.

செல்வி நிமிரவில்லை. "மூணு மாசமா ஊரே வூட்டுக்குள்ள உக்காந்துகினு கீது நைனா. இன்னும் மூணு மணி நேரம் உக்காந்தா மட்டும் போனவரு வந்துடுவாரா?"



பன்னிரண்டு மணிக்கு முதுகை நிமிர்த்த வரப்பிலிருந்த புங்க மரத்தடிக்கு வந்தோம். இலை இடுக்கில் விழும் வெளிச்சம் வழக்கமாக வட்ட வட்டமாக இருக்கும். அன்று ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கடி. மண்ணில், நாற்றுக் கட்டுகளில், அவள் முழங்கையில், நூற்றுக்கணக்கில் கடிபட்ட சூரியன்கள். காற்றடித்தபோது எல்லாம் ஒன்றாக ஆடின. வானம் இருட்டவில்லை. வெயில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான்.

அவள் கையை நீட்டி, உள்ளங்கையில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். புருஷன் போன பிறகு சிரித்தாளோ இல்லையோ, அப்போது சிரித்தாள்.

"இதுவே முழுசா இல்ல. ஆனா வேலைக்கு வந்துடுச்சி பாரு."

மறுபடி இறங்கினோம். ஒன்றே முக்காலுக்கு ஏழுமலை தலைமுழுகிவிட்டு வந்து மதகை இறக்கினார். வயல் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். நட்டது நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, மடையைக் களிமண் வைத்து இறுக அடைத்தோம். உத்திரமேரூர் போய் ஒரு கடை வாசலில் படுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தேன். முந்தைய நாள் உள்ளே இருந்த பெண்களில் ஐந்து பேர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்கள். அந்தப் பக்கம் நாற்று சுமக்கும் ஆணுக்கு நானூறு, நடும் பெண்ணுக்கு இருநூற்றைம்பது. நாற்று சுமந்தால் ஆண் கூலி தரலாம், அதற்கு ஆள் வேண்டாம், என் நாற்றுக்கட்டை நானே தூக்குவேன் என்றாள் செல்வி. நடவுக்கு வந்தால் பொம்பளைக் கூலிதான், அதுவும் நீ நடும் அழகுக்கு ஜாஸ்தி என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

சரி என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறாவது ஆளாக வரிசையில் இறங்கினேன்.