அவசரம் லேது

போன வாரம் திருப்பதியில் ஒரு கல்லூரி. தமிழில் செய்தி எழுதப் பழகும் மாணவர்களோடு ஒரு மணி நேரம். யார், எங்கே, எப்போது… எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு அதிகாரியின் பேச்சை எழுதியிருந்த மாணவியிடம் மட்டும் கேட்டேன் – "இந்த அதிகாரி தெலுங்குல என்னம்மா சொன்னார்?"

"அதான் தமிழ்ல எழுதிட்டேனே சார்!"

கோபம் வரவில்லை. அந்த வயதில் எனக்கும் இதே ரோஷம்தான். என் கதையைச் சொன்னேன்.

செங்கல்பட்டிலிருந்து ஆந்திராவில் இருக்கிற புத்தூருக்கு நிருபராகப் போன புதிது. என்ன ஒரு காலம்! வாடகை சைக்கிள், மை கசியும் பேனா. செய்தியைக் கவரில் போட்டு சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், மறுநாள் பேப்பரில் வந்துவிடும். இன்றைக்கும் டீசல் வாசம் அடித்தால் மனசு புத்தூருக்கு ஓடுகிறது. எனக்குத் தெரிந்த தெலுங்கோ சினிமா போஸ்டர் அளவுதான்.

பக்கத்துக் கிராமத்தார் பஸ் கேட்டு மனு கொடுத்தார்கள். அந்த ஊரில் சரளா என்று ஒரு பெண், இன்டர், அதாவது நம்ம பிளஸ் டூ, முடித்தவள். பஸ் வந்தால்தான் காலேஜ் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்ததும் அதிகாரியிடம் கேட்டேன்.

"அக்கட பஸ் அவசரம் லேது" என்றார்.

அட, இவ்வளவு சுலபமா தெலுங்கு! 'பஸ் விட அவசரமில்லை – அதிகாரி தகவல்' என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் உட்காரும் டீக்கடைக்கே பேப்பர் கட்டிங்கோடு வந்து நின்றாள் சரளா.

"அவசரமில்லன்னா லேட்டா வரும்னு பார்த்துக்கினு இருந்தோம் சார். நைனா இன்னிக்கி ஆபீஸ்ல போயி கேட்டா, அன்னிக்கே வேணாம்னுட்டாராமே! தெலுங்குல அவசரம்னா தேவை சார். தேவையில்லன்னு சொன்னத நீங்க இன்னான்னு எழுதிகிறீங்க? காலேஜ் அட்மிஷனே முடிஞ்சி போச்சி."

'தேவையில்லை' என்று எழுதியிருந்தால் ஊரே அன்றைக்கே சண்டைக்குப் போயிருக்கும். என்னால் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷம் போயிற்று. அவமானமாக இருந்தது.

தெரியாத வார்த்தையால் ஆபத்தில்லை, யாரையாவது கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கிற வார்த்தைதான் கழுத்தை அறுக்கும். உங்களுக்கும் அனுபவம் இருக்குமே?

திருத்தம் போட்டோம். ஊர் திரண்டு போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தது. அடுத்த ஜூனில் பஸ் வந்தது.

முதல் நாளே செய்தி எடுக்க ஓடினேன். முன் சீட்டில் சரளா, மடியில் புது நோட்டு. "எப்படிம்மா இருக்கு?" என்றேன். மளமளவென்று சொன்னாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனேன்.

"இருங்க சார். நான் இன்னா சொன்னேன்னு படிச்சிக் காட்டுங்க. அப்பால அனுப்புங்க."

படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.