பாங்கு நேரத்து நேர்முகம்

அமெரிக்காக்காரர்கள் மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அவர்கள் வைக்கும் கூட்டமெல்லாம் அன்றிலிருந்து இலங்கையில் ஒரு மணித்தியாலம் முந்திவிடும். ஸம்ஸியாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் நோன்பு மாதத்தில் சாய்ந்தமருதில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? அஸர் தொழுகைக்குப் பிறகு, மஃரிப் தொழுகைக்கு முன் என்றே நாள் ஓடும். நோன்பு துறந்து, தொழுது, கஞ்சியும் குடித்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து, வேலைக்கு நேர்முகம் வைக்கும் பொஸ்டன் பேராசிரியை முன் உட்காரலாம் என்றிருந்தாள். நேர்முகம் ஏழு மணிக்கல்ல, ஆறுக்கு என்று மடிக்கணினி மணியடித்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு அவள் போட்ட விண்ணப்பங்களில் நேர்முகம் வரை வந்தது இது ஒன்றுதான். வேலை இது: இரைப்பையின் நரம்புகளில் ஒளியை உணரும் புரதம் ஒன்றை வளர்த்து, சின்ன விளக்கை ஏற்றி அணைத்து, அசைவு நின்றுபோன வயிற்றை மறுபடி அசைய வைப்பது. எலிக்குச் சரிவந்துவிட்டது. நோயாளிக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதே இனி ஆய்வு.

“வகுத்துக்குள்ள லைட் போடுற வேலை,” என்று உம்மா ஹாஜறா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். நெஞ்செரிவுக்கு எத்தனை வாட்ஸ் பல்ப் என்று பக்கத்து வீட்டு சபூறா ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெங்காயக் கண்ணீரோடு ஸம்ஸியா உட்கார்ந்தாள். திரையில் மூன்று முகங்கள்.

“மின்சாரம் போதாதா? ஏன் ஒளி?” என்று பேராசிரியை கேட்டார்.

“மின்சாரம் பக்கத்து நரம்புகளையும் சேர்த்து உதைக்கும். ஒளி நாம் தேர்ந்ததை மட்டும்தான்...”

அவள் வயிறு இரைந்தது. நீளமாக, மேலிருந்து கீழே.

“அங்கே இடி இடிக்கிறதா?”

“இல்லை. என் வயிறு. நோன்பிருக்கிறேன். வெறும் வயிற்றைக் கூட்டிப் பெருக்கும் அலை இது. நம் நோயாளிகள் பலருக்கு இந்த அலையே வருவதில்லை.”

மூன்று பேனாக்களும் ஓடின. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் பாங்கு சொன்னார்கள். எழுந்து போகவும் முடியாது, நோன்பு துறக்காமல் இருக்கவும் மனமில்லை. கதவு மெல்லத் திறந்தது. கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் அவள் கணவன் றம்ஸீன், கமராவுக்குத் தெரியாமல், அவ்வளவு பெரிய உடம்போடு தரையில் தவழ்ந்து வந்தான். மேசை விளிம்பில் ஒரு கை மட்டும் எழுந்தது. அதில் ஒரு பேரீத்தம்பழம்.

“அது யாருடைய கை?”

“என் கணவருடையது.”

“அவரும் நேர்முகத்துக்கு வந்திருக்கிறாரா?” என்றார் பேராசிரியை. “சாப்பிடுங்கள். காத்திருக்கிறோம்.”

ஸம்ஸியாவுக்குச் சிரிப்பு முட்டியது. பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டாள். “உணவு விழுந்தால் அந்த அலை நின்றுவிடும். கேளுங்கள்,” என்று மைக்கை வயிற்றருகே பிடித்தாள்.

மூன்று முகங்களும் திரையை நெருங்கின. பிறகு வயிறு முன்னிலும் பலமாக இரைந்தது.

மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்: “ஒரு பழம் காணாது புள்ள, இன்னும் தின்னணும்.”

“சோதனை பிழையாய்ப் போய்விட்டது,” என்றாள் ஸம்ஸியா. “ஒளி வைத்தியத்திலும் இதுதான் சிக்கல். எவ்வளவு கொடுத்தால் போதும் என்று நமக்கு இன்னும் தெரியாது. முதலில் அதைத்தான் கண்டுபிடிக்க விரும்புகிறேன்.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். மற்ற இருவரையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள்.

“கடிதம் பிறகு வரும். எப்போது வர முடியும்?”

“நோன்புப் பெருநாள் முடியட்டும்,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

திரை அணைந்ததும் கதவருகே நின்ற ஹாஜறா, “மருமகன், இவ போனா நீங்க?” என்றாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த நாளிலிருந்து றம்ஸீன் மாமியார் வீட்டில்தான் குடியிருக்கிறான். மேசைக்கடியில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

“நான் எப்பயும் பொண்டாட்டிர ஊட்டுலதானே மாமி. இவ பொஸ்டன்ல ஊடு எடுத்தா நான் அங்க மாப்புள. கஞ்சியக் கொண்டாங்க, இவட வகுறு இன்னும் கத்துது.”