அடிக்கரியும் செல்லையா அண்ணனும்

தம்பின் டவுன் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். "லிங்கி செல்லையா போயிட்டாராம்லா. நேத்தே எடுத்துட்டாங்களாம்" என்றார் மீன்காரர். கடைசியாக முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. மீனை வாங்காமலே திரும்பினேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் லிங்கி ரப்பர் தோட்டத்தில் பெட்ரோல் கண்ணில் படாது. ரப்பரோ வாங்க ஆளின்றிக் குவிந்து கிடந்தது. செல்லையா அண்ணன் அதை நறுக்கி, இரும்பு டிரம்மில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடிக் கீழே தீ மூட்டுவார். ரப்பர் உருகி ஆவியாகி, குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். அந்த நாற்ற எண்ணெயில்தான் நான் ஓட்டிய லாரி இருமிக்கொண்டே ஓடியது.

ஒவ்வொரு வேக்காட்டுக்குப் பிறகும் டிரம்மின் அடியில் கரி கெட்டியாகப் பிடித்திருக்கும். டிரம்மை ஆறவிட்டு, இரும்பு தெரியும்வரை சுரண்டாமல் அடுத்த ரப்பரைத் தொடமாட்டார். "அடிப்பிடிச்ச சட்டியில மறுபடியும் உலை வைப்பியா? கரி சூட்டை உள்ள விடாது. நீ தீயைக் கூட்டுவ, அடி செவக்கும், கரி இன்னும் ஏறும், கடைசியில டிரம் பொத்துக்கும்" என்பார். வேலை வாங்கும் மண்டோர் கத்தினாலும் காதில் வாங்கமாட்டார். பிடிவாதத்துக்குப் பிறந்தவர் என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

அவர் மனைவி கமலம் அண்ணிக்குப் பிரசவம் சிக்கலான அன்று, இறக்கிய எண்ணெயையெல்லாம் ராணுவ லாரி கொண்டுபோயிருந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். டிரம் இன்னும் கொதித்தது. "இன்னிக்கு ஒரு நாள் சுரண்டாம போடுங்கண்ணே!" என்று கெஞ்சினேன். தொழிலாளர் லயத்துப் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள்.

"இது பொத்துக்கிட்டா வேற டிரம் இல்லடா. அப்புறம் அவளுக்கு வழியே இல்ல" என்று சொல்லி, ஆறும்வரை காத்திருந்து சுரண்டினார். எண்ணெய் வந்தது. லாரியும் கிளம்பியது. சிரம்பான் எட்டுமுன்னே அண்ணி அடங்கிவிட்டார். பிள்ளையும் தங்கவில்லை.

"டிரம்மைப் பாத்தான், பொண்டாட்டியப் பாக்கல" என்று தோட்டமே பேசியது. பிறகொரு நாள் பக்கத்துத் தோட்டத்தில் சுரண்டாமல் ஏற்றிய டிரம் அடி பொத்து, உள்ளே இருந்ததெல்லாம் தீயோடு போனது. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். ஆறுதல்படுவார் என்று நினைத்தது என் மடத்தனம்.

"நான் செஞ்சது சரின்னாலும் அவ இல்ல, தப்புன்னாலும் அவ இல்ல. போய் வண்டியப் பாருலா" என்றார்.

அவரை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று டிரம்மைச் சாய்த்துப் பிடித்திருந்தவன் நான். வெளியே எல்லோரும் ஏசிக்கொண்டிருக்க, அவர் தலையை உள்ளே விட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தார். வெளியே எடுத்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். முகமெல்லாம் கரி. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு மட்டும் வெளுத்திருந்தது.

அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது.