ஆடியில் வாங்காத கிராபிக்ஸ் கார்டு

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சிட்லபாக்கத்தில் நானும் பொழிச்சலூரில் என் நண்பனும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். இருவர் சேர்ந்தே ஆட வேண்டிய விளையாட்டு அது. கல்லூரி முடிந்த பிறகு எங்கள் நட்பு பெரும்பாலும் அதற்குள்தான் நடந்துகொண்டிருந்தது. நேரில் பார்த்தால் எங்களுக்கு அவ்வளவாகப் பேச்சு வராது.

கடைசிக் கட்டத்தில் ஒரு இடிந்த பாலம். இருவரும் ஒரே நேரத்தில் தாண்ட வேண்டும். அங்கேதான் கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டும் என் பழைய கிராபிக்ஸ் கார்டு காலை வாரியது. நெருப்பும் புகையும் வந்ததும் படம் திக்கித் திக்கி நகரும், கேபினெட்டுக்குள் ஃபேன் மிக்ஸி போலக் கத்தும், நான் தாண்டுவதற்குள் பாலம் போய்விடும். நான் விழுந்தால் அவனும் சாக வேண்டும். அவன் திட்டவே மாட்டான். பரவாயில்லை, இன்னொரு தடவை என்பான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவனுக்கு ஆவணியில் கல்யாணம். முடிந்த கையோடு மனைவியுடன் துபாய்க்குக் கிளம்புகிறான். அதற்குள் அந்தப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. கார்டை மாற்றாமல் அது நடக்காது என்றும் தெரியும்.

தெரிந்து என்ன பயன்? சித்திரையில் வாங்கப் போனேன். புது மாடல் வருகிறது, பழையது விலை இறங்கும், பொறுங்கள் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். பொறுத்தேன். புது மாடல் வந்தது, பழையதற்கும் சேர்த்து விலை ஏறியது. அதே ஆள் அதே சிரித்த முகத்தோடு, இப்போது வாங்காதீர்கள், அடுத்ததைப் பாருங்கள் என்றார். அவருக்கென்ன, அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்கக் கார்டுதான். ஆனி கடைசியில் ஒருவழியாக முடிவெடுத்து ஆர்டர் போடப் போனால் அம்மா வந்து நின்றாள். ஆடி பிறக்கப் போகிறது, புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். அதே அம்மா அடுத்த வாரமே ஆடித் தள்ளுபடிக்குப் போய்ப் பை பையாகப் புடவை எடுத்து வந்தாள். கேட்டால், துணிமணி வேறு, சாமான் வேறாம்.

ஆடிப்பெருக்கன்று மட்டும் வாங்கலாம் என்று கடைசியில் இறங்கி வந்தாள். தாம்பரத்தில் கடைக்கு ஓடினேன். சரக்கு தீர்ந்துவிட்டது, ஆடி முடியட்டும் சார் என்றார் கடைக்காரர். ஸ்டேஷன் சப்வேயில் திரும்பி நடந்தபோது எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. அந்தச் சனிக்கிழமையும் விழுந்தேன். அப்புறம் கல்யாண வேலை என்று அவன் வருவதே நின்றுபோனது.

ஆவணி பிறந்ததும் கார்டு வந்தது. அம்மா பெட்டிக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். மாட்டினேன். நெருப்பு, புகை எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. கை பரபரக்க, ஸ்பீக்கரில் போட்டு அவனைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், முடித்துவிடலாம் என்றேன்.

அவன் கம்ப்யூட்டரைப் போன வாரமே விற்றுவிட்டானாம். பெருங்களத்தூரிலிருந்து யாரோ வந்து எடுத்துப் போனார்களாம்.

"உனக்குத்தான் மச்சான் கொடுக்கலாம்னு இருந்தேன். ஆட்டோல ஏத்தி உங்க ஏரிக்கரை வரைக்கும் வந்துட்டேன். பக்கத்துல பக்கத்துல வச்சு, நீ என்னோடதுல ஆடு, நான் உன்னோடதுல ஆடறேன், எப்படியாவது தாண்டிட்டு அங்கயே விட்டுட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். அப்பதான் ஆடின்னு ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்குள்ள எதுவும் வரக் கூடாதுன்னு நீதானடா சனிக்கிழமை சனிக்கிழமை பொலம்பின. அம்மா மனசு சங்கடப்படுமேன்னு அப்படியே திரும்பிட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ஏம்ப்பா, நீ வச்சிருந்த பழசுதானே அது? பழசுக்கு ஏது ஆடி? கொண்டு வந்திருக்கலாமே."

திரையில் பாலம் துளிகூடத் திக்காமல் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.