அத்தை அடைத்த கால்வாய்

அத்தையின் வெள்ளைப் புடவை இளஞ்சிவப்பாகி வேலியில் காய்ந்துகொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. கணவனை இழந்தபின் வெள்ளையே உடுத்தியவள் அவள். நகரிக்கு அருகே, கொல்லை நடுவில் தனியாக இருந்தது அவள் வீடு. அதை ஒட்டி ஓடிய கால்வாயில் துவைத்த புடவை அது. கூப்பிடு தூரத்தில் இருந்த மேல் ஊரின் சாயப்பட்டறைகள், நூல் தோய்த்த கழிவை அதில்தான் திறந்துவிட்டன. "இந்த வயசுல கலரு கேக்குதா?" என்று கடலைக்கொல்லைக்குப் போன பெண்கள் சிரித்தார்கள். அத்தை மாற்றுப் புடவை இல்லாததால் அதையே உடுத்திக்கொண்டாள்.

பிறகு கிணறும் கெட்டது. தண்ணீர் துவர்த்தது. கேழ்வரகுப் பயிர் நுனி கருகியது. கன்று போட்ட பசு வயிறு ஊதிச் செத்தது. மாநில எல்லை பிரிக்கும் பேச்சு நடந்த காலம் அது. அத்தை இருந்த எங்கள் சொந்த ஊர் ஆந்திராவில். மேல் ஊர் மதராஸ் பக்கம் போகிறது என்றார்கள். கோடை விடுமுறைக்குப் போயிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை ஊர்க் கணக்கரான கரணத்திடம் முறையிட்டாள். "ஆ ஊரு மனதி காதம்மா" என்றார் அவர். அந்த ஊர் நம்முடையதில்லையாம்.

"ஊரு அவங்குளுதா இருக்கட்டும் சாமி, தண்ணி இங்கதானே வருது?"

அவர் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை அத்தை மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கினாள். கல்லும் மண்ணும் போட்டு, ஒருத்தியாகவே அதை அடைத்தாள். சிவப்புத் தண்ணீர் பின்வாங்கிப் பட்டறை முற்றத்திலேயே தேங்கியது. வேலை நின்றது. எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் கூலிக்குப் போனார்கள். அத்தையின் கொழுந்தனாரே ஓடி வந்தார்.

"எங்க வயித்துல அடிக்கிறியே அண்ணி, எடு அத!"

"எடுக்கறேன். இந்தத் தண்ணில ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ."

அவர் குடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளோடு பேசவும் இல்லை. ஊரும் பேசவில்லை.

கடைசியில் பட்டறைக்காரர்கள் தங்கள் நிலத்திலேயே குழி வெட்டிக் கழிவை அதில் விட்டார்கள். அத்தை தன் கையாலேயே அடைப்பை எடுத்தாள். இரண்டு மழைக்குப் பின் கிணறு தெளிந்தது. குழியில் விட்ட கழிவும் மண்ணுக்குள் இறங்கும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று இரண்டு ஊரிலும் வீட்டுக்கு வீடு தண்ணீர் கேன் நிற்கிறது. யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட யாரும் கேட்பதில்லை.

அத்தையின் கிணறு தெளிந்ததற்கு அடுத்த கோடையில் ஊர்க்கிணறுகள் வற்றியபோது எல்லோரும் அத்தையின் கிணற்றுக்கு வந்தார்கள். தூரத்தில் கேட்கும் பேச்சும் சிரிப்பும் அவள் வாசலை நெருங்கியதும் அடங்கிவிடும். அவள் கதவோரம் நிற்பாள். ஒருநாள் பொறுக்காமல், "தண்ணி நல்லா கீதா?" என்று கேட்டுவிட்டாள். குடத்தை இடுப்பில் ஏற்றிய ஒருத்தி, திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று முழுவதும் அத்தை அந்தத் தலையாட்டலையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.