நாங்கள் தெரிந்தெடுத்த வள்ளம்

மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னீர்கள், அத்தான். என் மனுசனின், உங்கள் சொந்தத் தம்பியின், முப்பத்தோராம் நாள் அன்று, மார்க்கம் நகரில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், சனம் சாப்பாட்டுக்கு இருக்க முன்னம், அவருடைய படம் போட்ட கல்வெட்டு நினைவுப் புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நெஞ்சு வருத்தக்காரனுக்கு வள்ளம் என்னத்துக்கு? நான் சொன்னனான். வீட்டிலை ஆசைப்பட்டால் அவனும் என்ன செய்யிறது."

வீட்டிலை என்றால் யார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் முன்வரிசையில் இருந்தேன். லண்டனிலும் ஜேர்மனியிலும் இருக்கிற சொந்தக்காரர் லைவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்தவரின் பெண்சாதி எழும்பிப் போய் மைக்கைப் பறிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அது உங்களுக்கு நல்லாய்த் தெரியும்.

அதனால் இப்போது எழுதுகிறேன்.

ஆசை அவருடையது. உங்கள் தம்பி ஆயுசில் பாதியை ட்ரக்கில் கழித்தவர். அரிசோனாப் பக்கம் ஒரு பெரிய பாலம் வரும். அதைத் தாண்டி நிறுத்தினதும் எனக்கு போன் அடிப்பார். கீழே பச்சையாக ஒரு ஆறு போகுது, சுற்றிவரச் சிவத்தக் கல்லு, ஒரு மரம் கிடையாது, மழை கிடையாது, ஆனால் தண்ணி தன்பாட்டில் போய்க்கொண்டிருக்குது என்பார். பாலத்தில் ட்ரக்கை நிற்பாட்ட முடியாது. கண் சிமிட்டினால் ஆறு போய்விடும். ஒவ்வொரு முறையும் அதையே புதிதாகப் பார்த்த மாதிரிச் சொல்வார். எனக்குச் சலிப்பாகக்கூட இருந்திருக்கிறது. ஓம், ஓம், சாப்பிட்டீங்களோ என்று கேட்டுவிட்டு வைத்திருக்கிறேன்.

நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த பிறகு ட்ரக்கை விட்டார். நட, மெதுவாக உடம்பை அசை, பாரம் மட்டும் தூக்காதே என்று டொக்டர் சொன்னார். வீட்டில் சும்மா இருந்த மனுசன் ஒருநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார், அந்த ஆற்றைக் கீழே நின்று பார்க்க வேணும், நீரும் வாரும் என்று.

அன்றிலிருந்து எங்கள் சமையலறை வள்ளக்கடை ஆனது. பின்னேரம் முழுக்க வீடியோ. பாலைவனத்து ஆற்றுக்கு எந்த வள்ளம் சரி என்று அவர் படித்த மாதிரி ட்ரக் லைசன்ஸுக்குக்கூடப் படித்திருக்க மாட்டார். அணைக்குக் கீழே ஆறு சாதுவாக ஓடுகிற ஒரு துண்டு இருக்கிறது. விசைப்படகுக்காரன் எங்களையும் வள்ளத்தையும் மேலே கொண்டுபோய் விடுவான். ஆற்றோடு மிதந்து கீழே வரலாம். துடுப்புப் போடுவது ஒரு சாட்டுக்குத்தான்.

கட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கயாக் வள்ளம் கல்லுக்கு அசையாது, ஆனால் அதை யார் தூக்குவது? பட்டியலில் இருந்து முதலில் வெட்டினது அதைத்தான். மடிக்கிற வள்ளம் வடிவு, ஆனால் அந்த மண் மடிப்புக்குள் போனால் பிறகு வராதாம். மலிவான காற்றடிக்கிற வள்ளம் பின்னேரக் காற்றுக்குச் சுழன்று சுழன்று திரும்புமாம். கடைசியில் ஒன்றில் வந்து நின்றார். அதுவும் காற்றடிக்கிறதுதான், ஆனால் அடித்தட்டு பலகை மாதிரி இறுகி நிற்கும். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். கரையில் சுடுமணலில் இழுத்து வைக்கும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேணும், இல்லையென்றால் வெயிலுக்கு ஊதி வெடிக்கும். இதை எனக்குப் பாடமாக்கித் தந்தார். மறந்துபோவேன் என்று ரொட்டிக்கு மா குழைக்கும்போதும் கேட்டார்.

ஆளுக்கு ஒன்றா, இருவருக்கும் ஒன்றா என்பதில்தான் இழுபட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. தனித்தனி வள்ளம் என்றால் நீர் ஒரு பக்கம் போவீர், நான் ஒரு பக்கம் போவேன், பிறகு ஒருவரை ஒருவர் தேடத்தான் நேரம் சரி என்றார். இருவருக்கும் ஒன்று என்று முடிவானது.

அந்த வள்ளம் விற்கிற கடைக்குப் போனோம். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் பிள்ளை கடையின் நடுத்தளத்திலேயே அதற்குக் காற்றடித்து, ஏறி இருந்து பாருங்கள் என்றாள். சனம் பார்க்கப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி இருந்தோம். நான் முன்னுக்கு, அவர் பின்னுக்கு.

"முன்னுக்கு இருக்கிற ஆளுக்குப் பார்க்கிற வேலை," என்றார். "பின்னுக்கு இருக்கிற ஆளுக்குத் திருப்பிற வேலை. நீர் பாரும்."

"உங்களுக்கு என்ன தெரியும் பின்னுக்கு இருந்து?"

"உம்மட முதுகு தெரியும். எனக்கு அது காணும்."

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் கேட்ட நிறத்தில் ஒன்றை எடுப்பித்துத் தருகிறேன் என்று எங்கள் பெயரைப் பதிந்தாள். காற்றை இறக்கி மடித்து வைத்த பையை நானே ஒரு தோளில் போட்டுப் பார்த்தேன். அரிசி மூட்டையைவிட லேசு. இதுதான் நாங்கள் தெரிந்தெடுத்த வள்ளம், அத்தான். மண்டபத்தில் நீங்கள் சொன்ன வள்ளம் இது இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. கடையில் விலை போட்டு வைத்திருக்கிற சாமானை அப்படியே வாங்கினால் மானம் போய்விடும். ஆளைப் பிடித்து, ஆளுக்கு ஆளைப் பிடித்து வாங்க வேணும். வள்ளம் எடுக்கப்போகிறோம் என்று உங்கள் தம்பி உங்களிடம் ஒரு கதைக்குச் சொன்னது பிழையாகப் போய்விட்டது. அடுத்த கிழமை ஒஷாவாவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயாக்கை வான் வண்டிக்கு மேல் கட்டிக்கொண்டு வந்து எங்கள் ட்ரைவ்வேயில் இறக்கினீர்கள். இறக்க மூன்று ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள். நான் வாசலிலேயே நின்று சொன்னேன்.

"அத்தான், உந்த வள்ளத்தை இவர் தூக்க ஏலாது."

நீங்கள் சிரித்தீர்கள். காற்றடித்த சாமானில் போவது குழந்தைப்பிள்ளைகள் என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"தூக்கிற வேலை என்ர, பிள்ளை. ஒரு போன் அடியுங்கோ, வந்து நிப்பன்."

அன்று பின்னேரமே அவர் கடைக்குப் போன் அடித்து நாங்கள் பதிந்த வள்ளத்தை வேண்டாம் என்றார். நான் சண்டை பிடித்தேன். அண்ணை கொண்டுவந்து இறக்கினதை எப்படி வேண்டாம் என்பது என்றார். நீங்கள் ஒன்று தந்தால் அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் கேட்ட சாமானைத்தான் தருகிறீர்களா என்று நீங்களும் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ரூஜ் ஆறு ஏரியில் சேருகிற இடத்தில் ஒருமுறை பழகிப் பார்ப்போம் என்று இருந்தோம். காலையில் உங்களுக்குப் போன் அடித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "வெளிக்கிட்டிட்டன், வாறன்" என்றீர்கள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. யாரோ வீட்டில் பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கு மண்டபத்தில் நின்றிருக்கிறீர்கள். அவர் கோபிக்கவில்லை. அண்ணை மேளதாளத்தோடு வெளிக்கிட்டிருக்கிறார் என்று பகிடி விட்டார்.

இருந்து பார்த்தோம். திரும்ப அடித்தார். இந்தா வாறன் என்றீர்கள். மேளம் இன்னும் நிற்கவில்லை. வெயில் ஏறியது. தொப்பியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுக்க நான் உள்ளே போனேன். வெளியே வரும்போது கயாக்கின் ஒரு நுனி கார்க் கூரையில் கிடந்தது, மற்ற நுனி நிலத்தில். அவர் கராஜ் கதவில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் 911 அடிக்கிறேன், அவர் என் கையைப் பிடிக்கிறார்.

"அண்ணைக்கு அடிச்சுச் சொல்லும்," என்றார். "அவசரமில்லை, ஆறுதலா வரச் சொல்லும்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார், இது எப்போதும் நடந்திருக்கலாம், படுக்கையில்கூட நடந்திருக்கலாம் என்று. நான் அதை நம்பினேன். நம்பத்தான் விரும்பினேன். உங்களைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. நீங்கள் சவப்பெட்டியில் தலையை அடித்து அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து தந்தது நான். மேளச் சத்தத்தை என்னோடேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கு நீங்கள் தந்த கைமாறு அந்த மைக்.

ஊர் என்ன சொன்னாலும் எனக்குக் காரியமில்லை. சுப்பர்மார்க்கெட்டில் என்னைக் கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்புகிறவர்கள் திரும்பட்டும். ஆனால் அன்று மண்டபத்தால் வரும்போது, காருக்குள் வைத்து, கல்கரியில் வேலை செய்கிற என் மகள் கேட்டாள்.

"அம்மா, ஜஸ்ட் டெல் மீ. நீங்களோ அப்பாட்டை போட் கேட்டது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடையை, காற்றடித்ததை, ஒஷாவாவை, மேளத்தை. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு காரை ஓட்டினாள். பிறகு கேட்டாள்:

"பெரியப்பா ஏனம்மா லை பண்ணப்போறார்? ஹீ லவ்ட் அப்பா."

நீங்கள் அவரில் உயிர் என்பது எனக்கும் தெரியும். பெற்ற பிள்ளைக்கு முன்னால் சாட்சியில்லாமல் நிற்கிறேன். இருந்த ஒரே சாட்சி கராஜ் வாசலில் போய்விட்டார். முந்தி அவள் ஒவ்வொரு நாளும் அடிப்பாள். இப்போது ஞாயிறுகளில் அடித்து, மருந்து போட்டீங்களோ என்று கேட்டுவிட்டு வைக்கிறாள். நான் அவருக்கு வைத்த மாதிரி.

உங்கள் கயாக் இன்னும் என் பின்வளவில் கிடக்கிறது. எடுப்பிக்கிறேன் என்றீர்கள், ஆள் வரவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே நின்று, உறைந்து, மேலே பனி மூடி, முன் இருக்கையும் பின் இருக்கையும் ஒன்றாகிவிட்டன. என்னால் அதைத் தனிய அசைக்க முடியாது. சமையலறை ஜன்னலால் ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன்.

அவர் போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு அதே மண்டபத்தை எடுத்திருக்கிறேன். அதே ஆட்களைக் கூப்பிடுகிறேன். லைவும் போகும். மகள் வருகிறாள், முன்வரிசையில் இருப்பாள். சாப்பாட்டுக்கு முன்னம் நானே மைக்கைக் கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வள்ளத்தைக் கொண்டுவந்து இறக்கினது யார்? தூக்கிற வேலை என்ர என்று சொன்னது யார்? அன்று காலை உங்கள் தம்பி போன் அடித்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள், அத்தான்?