காற்று நிற்காத வண்டி

பிறந்ததிலிருந்தே எனக்கு இரண்டு கால்களும் ஊன்றாது. குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் கரையோடு போக வேண்டும். ஆறாம் வகுப்பு வரை அக்காவின் முதுகில்தான் போனேன். பையன்கள் உப்புமூட்டை என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர்கள் வெயிலில் நடந்தார்கள், நான் ராஜா மாதிரிப் போனேன். மூச்சு வாங்கியது அக்காவுக்கு.

அக்கா அப்போது ஒன்பதாவது. நன்றாகப் படிப்பாள். அப்பா இல்லாத வீடு, நிலமும் இல்லை. அம்மா நடவுக்கும் களைக்கும் போய்த்தான் சோறு, என் கால் வைத்தியம் எல்லாம். அக்காவையும் அனுப்பச் சொல்லி, நடவுக்கு ஆள் கூப்பிட வருகிறவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மா ஒரே பதிலைத்தான் சொல்வாள். "அவ வந்துட்டா இவன யாருங்க பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போறது?"

அந்த வருஷம் கால் நடக்க முடியாதவர்களுக்காக நடந்த அரசு முகாமில் எனக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்தார்கள். கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். "இனிமே ஒன்னத் தூக்க ஆளு வேணாம்டா. நடவு ஆரம்பிச்சதும் அக்காவும் எங்கூட வரட்டும்" என்றாள். நான் கைதட்டினேன்.

ஆனால் வண்டியில் காற்று நிற்கவில்லை. பாதி நாள் காலையில் டயர் சப்பையாகக் கிடக்கும். நான் அழ ஆரம்பிப்பதற்குள் அக்கா பையை மாட்டிக்கொண்டு, என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். "இந்த வண்டிய நம்ப முடியாதும்மா. நான் இருந்தாத்தான் சரிவரும்" என்பாள். அம்மாவும் ஆமாம் என்றாள். எனக்கு எதிர்வீட்டுப் பையன்மேல்தான் சந்தேகம். ஒருநாள் அவன் கையைக் கடித்தே விட்டேன்.

கடைசியில் நானும் அம்மாவும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். "ஓட்டையே இல்ல தம்பி. யாரோ காத்தப் புடுங்கி விடுறாங்க" என்றவர், இரக்கப்பட்டுக் காசு வாங்காமலே மூன்று சக்கரத்துக்கும் வால்வுக்கு மேல் இரும்பு மூடி போட்டு, ஸ்பேனரால் இறுக்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம்தான் முதலில் பீற்றிக்கொண்டேன். அவள் மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"இனிமே கழட்டவே முடியாதாடா?"

"ஒருத்தனாலயும் முடியாதுக்கா!"

அவள் அழுதாள். என்னைத் தூக்க முடியாமல் போகிறதே என்று ஏங்குகிறாள் என நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என்னைச் சுமப்பதால்தான் அவளால் படிக்க முடிந்தது என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் நடவு தொடங்கியது. பள்ளிக்குப் போகிற வழியில்தான் அந்த வயல். பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அக்கா குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். நான் தனியாகவே வண்டி ஓட்டிப் போவதை அவள் பார்க்க வேண்டுமே! மணியை அடித்தேன். அம்மா நிமிர்ந்து கையாட்டினாள். அக்கா நிமிரவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று வண்டியை நிறுத்தி, இன்னும் பலமாக அடித்தேன்.